யான் யோஹான்சன்: ‘அமைதி’ என்று பெயர் வாங்கிய பியானோ

ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்). டிரம்ஸ் கிடையாது, பாடகர் கிடையாது, சாக்ஸஃபோனும் கிடையாது. பழைய நாட்டுப்புற மெட்டுகள் பன்னிரண்டு. 1964இல் ஸ்வீடனில் இப்படி ஓர் எல்பி இசைத்தட்டு வந்தது. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது முக்கால் கோடிதான். இசைத்தட்டு வருஷக்கணக்கில் விற்று விற்று இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. ஸ்வீடனில் அதைவிட அதிகம் விற்ற ஜாஸ் இசைத்தட்டு கிடையாது என்கிறார்கள். பெயர் ‘ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா’, அதாவது ஸ்வீடிஷில் ஜாஸ். வாசித்தவர்கள் பியானோவில் யான் யோஹான்சன், பேஸில் கியோர்க் ரீடல்.

இதைப் பற்றி யார் எழுதினாலும் பனி, பைன் காடு, ஏரிக்கரை, தனிமை என்று தொடங்கிவிடுகிறார்கள். ‘அமைதியான இசை’ என்ற முத்திரை அதன்மேல் அழுத்தமாகக் குத்தப்பட்டிருக்கிறது. தூக்கம் வருவதற்கான பாட்டு வரிசைகளில்கூட இதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. யோஹான்சன் அடக்கமாக வாசித்தார் என்பது சரி. ஆனால் அடங்கிக் கிடந்த ஆள் இல்லை. முப்பத்தேழு வயதில் போய்ச்சேர்வதற்குள் அவர் தாவிய தாவல்களைப் பார்த்தால், பனியும் ஏரியும் அவருக்குப் போதவே போதாது.

பிறந்தது 1931 செப்டம்பர் 16, சோடர்ஹாம்ன் என்ற சிறு கடலோர ஊரில். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, ஹெல்சிங்லாண்ட் மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணம் நாட்டுப்புற வயலின்காரர்களுக்குப் பேர்போனது. அதை வைத்து, சிறுவயதிலேயே கிராமத்து மெட்டுகளில் ஊறியவர் என்று கதை கட்டுவது சுலபம். ஆனால் அவர் சின்ன வயதில் படித்தது மேற்கத்திய சாஸ்திரிய பியானோ. கூடவே கிடார், ஆர்கன், அக்கார்டியன் எல்லாம் கைக்கு வந்தன. பதின்வயதில் ஸ்விங், பீபாப் என்ற ஜாஸ் பாணிகள் பிடித்துக்கொண்டன. அப்புறம் பொறியியல் படிக்க கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். படிப்பு முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு முழுநேரமும் வாசிக்கப் போய்விட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும்.

அந்தக் கால ஸ்வீடன் ஜாஸுக்கு ஓர் ஒதுக்குப்புறம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த நாடு. போரில் சிதையாத நகரங்கள். போர் முடிந்ததும் அமெரிக்க இசைக்கலைஞர்கள் வரிசையாக வந்தார்கள். 1950 நவம்பரில் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரே வந்து ஊர் ஊராக வாசித்துவிட்டுப் போனார். உள்ளூரிலும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். பாரிட்டோன் சாக்ஸஃபோன்காரர் லார்ஸ் குல்லினுக்கு 1954இல் அமெரிக்காவின் ‘டவுன்பீட்’ பத்திரிகை விமர்சகர்கள் புதிய நட்சத்திரம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. யோஹான்சனின் கதைக்கு இது தேவை. 1951இல் அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் ஸ்டான் கெட்ஸ் ஸ்டாக்ஹோம் வந்தபோது உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சில பாட்டுகளைப் பதிவு செய்தார். பியானோவில் பெங்ட் ஹால்பெர்க், அப்போது பத்தொன்பது வயசுகூட ஆகவில்லை. அவர்கள் வாசித்ததில் ஒன்று வெர்ம்லாண்ட் மாகாணத்தின் அழகைப் பாடும் பழைய ஸ்வீடிஷ் பாட்டு. அமெரிக்காவுக்குப் போன பிறகு அதற்கு ‘டியர் ஓல்டு ஸ்டாக்ஹோம்’ என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டே டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் அதை எடுத்து வாசித்தார். 1956இல் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பதிவு செய்தார். ஆக, ஸ்வீடிஷ் மெட்டில் ஜாஸ் வாசிக்கலாம் என்பது யோஹான்சன் வருவதற்கு முன்பே நிரூபணமாகிவிட்ட விஷயம். ஆனால் அந்தப் பதிவுகளில் மெட்டு ஒரு வாசல் மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தங்கள் வழக்கமான ஜாஸைத்தான் வாசித்தார்கள்.

கெட்ஸை யோஹான்சன் மாணவனாக இருந்தபோதே சந்தித்திருந்தார். 1958இல் கெட்ஸ் தன் ஸ்வீடிஷ் மனைவியோடு டென்மார்க்கில் குடியேறினார். கோபன்ஹேகனின் மோன்மார்த்ர் ஜாஸ் கிளப்தான் அவருக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. யோஹான்சனும் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தார். அங்கே கெட்ஸோடு வாசித்தார். பேஸ் மேதை ஆஸ்கார் பெட்டிஃபோர்டோடும் வாசித்தார். பெட்டிஃபோர்டு அதே ஊரில் 1960 செப்டம்பரில் இறந்துபோனார். அமெரிக்கர் நார்மன் கிரான்ஸ் ஜாஸ் நட்சத்திரங்களை ஒன்றுசேர்த்து நடத்திய ‘ஜாஸ் அட் த ஃபில்ஹார்மோனிக்’ கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் அதே வருஷம் கெட்ஸின் குழுவோடு யோஹான்சனும் சேர்ந்தார். அதற்கு அழைக்கப்பட்ட முதல் ஐரோப்பியர் அவர்தான் என்று சொல்வார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெட்ஸ் பக்கத்தில் நின்று ராத்திரிக்கு ராத்திரி வாசிப்பது லேசான காரியமில்லை. வேகமும் வேண்டும், ஸ்வரக்கோவை அறிவும் வேண்டும், அடுத்தவர் மூச்சு எங்கே விழும் என்ற கணக்கும் வேண்டும். யோஹான்சனிடம் எல்லாம் இருந்தன. பிறகு அவர் குறைத்து வாசித்தார் என்றால், கையில் இருந்ததைத்தான் குறைத்தார். 1961இல் வந்த ‘8 பித்தர்’, 1962இல் வந்த ‘இன்னர்டிரியோ’ இரண்டையும் கேட்டால் புரிந்துவிடும். டிரம்ஸ் உதைக்க, பியானோ குதித்துக்கொண்டு போகும். நடுநடுவே சின்னச் சின்னக் குறும்புகள். பேர்போன நாட்டுப்புற இசைத்தட்டு மட்டும் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் ‘அதே ஆளா?’ என்று கேட்பார்கள்.

1961இல் ஸ்டாக்ஹோம் வந்து சாக்ஸஃபோனும் கிளாரினெட்டும் வாசிக்கும் ஆர்னே டொம்னேருஸின் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் ரீடல். செக்கோஸ்லோவாக்கியாவின் கார்ல்ஸ்பாத் ஊரில் 1934இல் பிறந்து, நாலு வயதில் குடும்பத்தோடு ஸ்வீடனுக்கு வந்து சேர்ந்தவர். ஸ்வீடனின் மண்வாசனை என்று இன்று கொண்டாடப்படும் இசைத்தட்டின் பாதியை வாசித்தவர் அந்த மண்ணில் பிறக்காத ஒருவர். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

மெட்டுகள் எங்கிருந்து வந்தன? பாட்டி மடியில் கேட்டவை அல்ல. யோஹான்சன் புத்தகத்தைப் புரட்டித்தான் பொறுக்கினார். ‘ஸ்வென்ஸ்கா லோத்தர்’ என்று ஒரு பெரும் தொகுப்பு உண்டு. நில்ஸ் ஆண்டர்சன் என்ற சட்டத்துறை அதிகாரி, உத்தியோகம் பார்த்தபடியே ஊர் ஊராகப் போய் வயலின்காரர்களிடம் மெட்டுகளை எழுதி வாங்கினார். 1921இல் அவர் இறந்துவிட, பிள்ளையார் சுழி போட்ட வேலையை ஓலோஃப் ஆண்டர்சன் எடுத்து நடத்தினார். 1922 முதல் 1940 வரை 24 பகுதிகள், ஏறத்தாழ 8000 மெட்டுகள். மாகாண வாரியாக, வாசித்தவர் வாரியாக. ஒவ்வொரு மெட்டும் யாரிடமிருந்து வந்தது என்பது அதோடு ஒட்டிக்கொண்டே வரும். நாம் பாடாந்தரம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். யோஹான்சனின் இசைத்தட்டிலும் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன: ஹோக் ஊலே வழி வந்த போல்ஸ்கா, லார்ஸ்ஹோகா யோங்கே வழி வந்த கல்யாண ஊர்வல மெட்டு.

பன்னிரண்டில் பெரும்பாலானவை சொந்த மாகாணத்து மெட்டுகள் அல்ல என்பதையும் கவனிக்கலாம். ஊத்தன்மீரா, எல்வ்டாலன், ரெட்விக், லெக்சாண்ட் எல்லாம் டாலர்னா மாகாணத்து ஊர்கள். வடக்கே மேடல்பாட், யெம்ட்லாண்ட் பக்கத்திலிருந்தும் ஒன்றிரண்டு. எல்லாமே சோகப் பாட்டு என்று நினைத்தால் அதுவும் தப்பு. போல்ஸ்கா என்பது மூன்றடித் தாளத்தில் ஜோடியாகச் சுழன்றாடும் நடனம். சில ஊர்களில் அந்த மூன்று அடியும் சமமாக விழாது. ஒன்று கொஞ்சம் நீளும், ஒன்று கொஞ்சம் குறுகும். வெளியூர்க்காரன் காலை எங்கே வைப்பது என்று தடுமாறிப்போவான். ‘வால்லோட்’ என்பது கோடையில் மலைமேட்டுப் பட்டிகளில் மாடு மேய்த்த பெண்கள் மாட்டைக் கூப்பிடப் பாடியதிலிருந்தும் கொம்பு ஊதியதிலிருந்தும் வந்த மெட்டு. ‘ஷெங்க்லோட்’ கல்யாண வீட்டில் மொய் வைக்கிற நேரத்தில் வாசிப்பது. ஆக, இந்த இசைத்தட்டு ஆட்டம், கல்யாணம், மாடு மேய்ப்பு என்று ஜனங்கள் புழங்கிய சத்தத்திலிருந்து வந்தது. தியான மண்டபத்திலிருந்து வரவில்லை.

முதல் பாட்டை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ‘வீசா ஃப்ரோன் ஊத்தன்மீரா’. ஊத்தன்மீரா என்பது சில்யான் ஏரிக்குள் இருக்கும் சொல்லரோன் தீவில் ஒரு கிராமம். மெட்டு சின்னது, மைனரில் (கொஞ்சம் சோகம் தொனிக்கும் ஸ்வர வரிசையில்) இருப்பது. ஒரு முறை கேட்டாலே முணுமுணுக்க வந்துவிடும். யோஹான்சன் அதை முதலில் ஏறக்குறைய வெறும் மெட்டாகவே வாசிக்கிறார். ஜாஸ் பியானோக்காரர்கள் வழக்கமாக இடக்கையால் அள்ளிப் போடும் அடர்ந்த கார்டுகள், அதாவது ஒன்றாக அழுத்தும் ஸ்வரக் கொத்துகள், இல்லை. மெட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தை ரீடலுக்கு விட்டுவிடுகிறார். ரீடலும் வெறுமனே தாளம் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எதிர்மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே வருகிறார். பதிவில் எதிரொலியைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் விழுந்து, கரைவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் அடுத்த ஸ்வரத்தைத் திணிக்காமல் காத்திருப்பதுதான் அவருடைய வித்தை.

ஆனால் நடுவே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மெட்டு முடிந்து கற்பனைக்குள் போனதும் விரல்கள் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பேச ஆரம்பிக்கின்றன. மூன்றாம் ஸ்வரத்தின் ஓரத்தில் உரசிவிட்டு நழுவும் அந்தச் சரிவு டாலர்னாவில் கிடைக்காது. அது அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தது, கெட்ஸோடும் பெட்டிஃபோர்டோடும் வாசித்த ராத்திரிகளிலிருந்து வந்தது. அதிசயம் என்னவென்றால் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. ஏரித்தீவின் மெட்டும் ப்ளூஸும் ஒரே வாயிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மறுபடி மெட்டுக்குத் திரும்பும்போது, அந்த மெட்டிலேயே இதெல்லாம் இருந்ததோ என்று நமக்கு சந்தேகம் வந்துவிடுகிறது. இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1962இல், டிரம்பெட்காரர் பெங்ட்-ஆர்னே வாலின் ஒரு பெரிய குழுவை வைத்துக்கொண்டு நாட்டுப்புற மெட்டுகளை ஜாஸாக்கி ஓர் இசைத்தட்டு போட்டிருந்தார். ரொம்ப நல்ல வேலை. ஆனால் அதில் வர்ணம் பூசியிருப்பது தெரியும். யோஹான்சன் பூச்சு வேலைக்கே போகவில்லை.

அதே இசைத்தட்டில் ‘எமிக்ராண்ட்வீசா’ என்று ஒன்று, கப்பலேறிப் போனவர்களின் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுமார் 13 லட்சம் ஸ்வீடர்கள் பஞ்சத்தாலும் நிலமில்லாமலும் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் பாட்டை, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஓர் இசையில் வாசிக்கிறார்கள் இந்த இருவரும். யோஹான்சன் இதை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்குக் கவலையில்லை. காதில் விழுகிறது, அது போதும்.

இவ்வளவு விற்ற பிறகு இன்னொருவராக இருந்தால் அதே அச்சில் இன்னும் நாலு வார்த்திருப்பார். யோஹான்சன் 1967இல் ரஷ்யப் பாட்டுகளுக்குப் போனார். ‘ஜாஸ் போ ரிஸ்கா’வில் டொம்னேருஸின் கிளாரினெட், பூசே ப்ரோபெர்க்கின் டிரம்பெட் என்று ஆட்கள் கூடுதல், வெளிச்சமும் கூடுதல். அடுத்து 1968இல் ஹங்கேரி மெட்டுகள். அதைக் கடைசியில் சொல்கிறேன். வானொலியின் ஜாஸ் குழுவுக்காக எழுதினார். எலெக்ட்ரானிக் ஒலிகளோடும் விளையாடிப் பார்த்தார். பாதியில் விட்ட பொறியியல் எங்கேயாவது தலைகாட்டத்தானே செய்யும்.

இதற்கிடையில் ஒரு குழந்தைப் பாட்டு. ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் குழந்தைக் கதையான பிப்பி லாங்ஸ்டாக்கிங் தொலைக்காட்சித் தொடராக வரவிருந்தது. தலைப்புப் பாட்டுக்கு வார்த்தைகள் லிண்ட்கிரெனே எழுதினார், மெட்டு யோஹான்சன். ‘இதோ வருகிறாள் பிப்பி’ என்று துள்ளிக்கொண்டு வரும் அந்தப் பாட்டு, ஸ்வீடனில் மட்டுமில்லை, ஜெர்மனியிலும்கூட தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குத் தெரியும். இசைத்தட்டை இரண்டரை லட்சம் பேர் வாங்கினார்கள் என்றால், இந்த மெட்டைக் கோடிக்கணக்கான பேர் பாடியிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. அமைதிக் கட்சிக்காரர்கள் இதை எங்கே வைப்பார்களோ!

தொடர் ஒளிபரப்பானது 1969 பிப்ரவரியில். அவர் பார்க்கவில்லை. 1968 நவம்பர் 9, யோன்ஷோப்பிங் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் கச்சேரி. அங்கே போகும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். மூத்த மகன் ஆண்டர்ஸுக்கு ஆறு வயது. இளையவன் யென்ஸுக்கு அந்த வாரம்தான் ஐந்து முடிந்திருந்தது.

நான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தது இந்தப் பையன்கள் வழியாகத்தான். கல்லூரிக் காலத்தில் நான் ஹெவி மெட்டல் ராக் இசைப் பைத்தியம். கிடார்காரர் இங்வி மால்ம்ஸ்டீனின் ஆரம்பகாலக் குழுவில் கீபோர்டு யென்ஸ் யோஹான்சன், டிரம்ஸ் ஆண்டர்ஸ் யோஹான்சன். யென்ஸ் பிறகு ஸ்ட்ராட்டோவேரியஸ் என்ற மெட்டல் குழுவுக்குப் போனார், ஆண்டர்ஸ் ஹாமர்ஃபால் என்ற குழுவுக்கு. ஒரு வினாடிக்கு எத்தனை ஸ்வரம் என்று எண்ண முடியாத வேகத்தில் யென்ஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, இவர் யார், எங்கே கற்றார் என்று தேடிப் போனபோதுதான் ‘அப்பா ஜாஸ் பியானோக்காரர்’ என்ற ஒரு வரி கண்ணில் பட்டது. சரி, அப்பா இதைவிட வேகமாக இருப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு ஊத்தன்மீராவைப் போட்டேன்!

அப்பாவின் பதிவுகளை மறுபடி வெளியிடுவதற்காக மகன்கள் இருவரும் ஹெப்டகன் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்தார்கள். அவருடைய இசை இன்று இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதற்கு அவர்கள் ஒரு முக்கியக் காரணம். நீளமுடி மெட்டல்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, தங்களுக்குச் சரியாக நினைவுகூட இருக்காத அப்பாவின் பழைய டேப்புகளுக்குக் காவல் இருந்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

பின்னால் வந்த ஸ்வீடிஷ் பியானோக்காரர்கள் யாரும் யோஹான்சனைச் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. எஸ்பியோர்ன் ஸ்வென்சன் உலகப் புகழ் பெறுவதற்குச் சற்று முன்பு, 1997இல், டிராம்போன்காரர் நில்ஸ் லாண்ட்கிரெனோடு சேர்ந்து நாட்டுப்புற மெட்டுகளை இருவராக வாசித்து ஓர் ஆல்பம் செய்தார். இரண்டே வாத்தியம், நிறைய இடைவெளி. யார் திறந்த கதவு என்பது கேட்டதும் தெரியும். ஸ்வென்சனும் 2008இல், நாற்பத்துநாலு வயதில், ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் ஸ்கூபா டைவிங் செய்தபோது இறந்தார். இரண்டு சாவையும் இணைத்து ஒரு சாபக் கதை எழுதுகிற ஆசை சிலருக்கு வருகிறது. எனக்கு அதில் இஷ்டமில்லை. ரீடல் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, குழந்தைகளுக்கு ஏராளமாகப் பாட்டெழுதி, 2024 பிப்ரவரியில்தான் மறைந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டால் சாபக் கதை நிற்காது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, வழக்கத்துக்குத் தலைகீழானது. முதலில் ‘இன்னர்டிரியோ’. அப்புறம் ‘ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா’. இப்படிப் போனால் அவர் எதையெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்பது காதுக்குத் தெரியும். ரஷ்யப் பாட்டுகளை விருந்தாளிகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது போடலாம். கடைசியாக ‘ஜாஸ் போ உங்கேர்ஸ்கா’, அந்த ஹங்கேரி இசைத்தட்டு. டென்மார்க்கின் வயலின்காரர் ஸ்வெண்ட் அஸ்முசன் கூட வாசித்திருக்கிறார். அஸ்முசன் சர்க்கஸ்காரர் போல பல்டியடித்துக்கொண்டு ஓடுகிறார். யோஹான்சன் விட்டுக்கொடுக்காமல் பின்னாலேயே துரத்துகிறார், சில இடங்களில் முந்தியும் விடுகிறார். ஸ்வீடிஷ் இசைத்தட்டின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் தூக்கம் போய்விடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.